காய வெட்டினா பலகைய கவுக்குறான்!

கேள்வி: பையனுக்கு 7 வயசு. லீவுல தாத்தா தாயம் சொல்லிக்குடுத்தார், இப்ப தெனம் சாயங்காலம் அதான். ஆனா அவன் காய வெட்டிட்டா போச்சு, கட்டைய வீசி எறிஞ்சு பலகைய கவுத்துட்டு கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துக்குறான். அவங்கப்பா "ஆம்பளப்புள்ள இதுக்கெல்லாமா அழுவான்"னு சத்தம் போடுறார், மாமியார் "சின்னப்புள்ளதான, விட்டுக்குடுங்களேன்"ங்குறாங்க. யார் சொல்றது சரி?
- ஒரு அம்மா, திருநெல்வேலி

பதில்: ரெண்டு பேர் சொல்றதும் சரியில்லம்மா (மாமியார்கிட்ட இத படிச்சுக் காட்டிடாதீங்க). விட்டுக்குடுத்தா வீட்ல சண்ட இருக்காது, ஆனா ஸ்கூல்ல எவனும் விட்டுக்குடுக்க மாட்டான், "அழுகுணி ஆட்டம் ஆடுறான்டா"ன்னு டீம்லயே சேக்க மாட்டானுங்க, அந்த வலி இதவிடப் பெருசு. அதட்டுனா அழுகை நிக்கும், உள்ள இருக்குறது அப்படியேதான் இருக்கும்.

ஆத்திரத்துக்கு பிரேக் போடுற மூளைப்பகுதி நெத்திக்குப் பின்னாடி இருக்கு, அது முழுசா வளரவே 25 வயசுகிட்ட ஆகும், இவனுக்கு ஏழுதான். அதனால அந்த நேரத்துல அட்வைஸ் ஏறாது. கட்டிலுக்கு அடியில போறானா, போகட்டும், என்னைக் கேட்டா அது அவனே கண்டுபிடிச்ச நல்ல வைத்தியம். நீங்களும் பேசாம பக்கத்துல தரையில உக்காருங்க. மூச்சு அடங்கினதும் "பழமாகுற நேரத்துல வெட்டிட்டாங்கல்ல, கடுப்பாயிருச்சா? இல்ல எல்லாரும் சிரிச்சது வெக்கமா இருந்துச்சா?"ன்னு கேளுங்க. நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு கோவம், அழுகைன்னு ரெண்டு வார்த்தைதான் கைவசம் இருக்கு, ஏமாத்தம் பொறாமை வெக்கம் எல்லாத்தையும் அந்த ரெண்டுலயே அடைக்குறாங்க. அமெரிக்காவுல லீபர்மேன்னு ஒருத்தரோட டீம் 2007ல ஒரு ஆய்வ வெளியிட்டாங்க, கோவமும் பயமுமா இருக்குற முகங்களக் காட்டி, அது என்ன உணர்ச்சின்னு பேர் சொல்ல வச்சப்போ மூளையில அலாரம் அடிக்குற அமிக்டலா கொஞ்சம் அடங்கிச்சாம். பெரியவங்கள வச்சு செஞ்சதுதான், ஆனாலும் வீட்ல செஞ்சு பாருங்க, காசா பணமா.

கோவம் வரலாம், கட்டைய எறியக்கூடாது. சோபாவுக்கு அடியில உருண்டு போயிருந்தாலும் அவனேதான் தேடி எடுக்கணும், அதுல மட்டும் எறங்கி வராதீங்க.

அப்புறம் அவங்கப்பாவும் ஆட்டத்துல உக்காரணும், தோக்கும்போது "சே, ஒரு தாயம் விழமாட்டேங்குதே, எரிச்சலா இருக்கு, சரி அடுத்த ஆட்டம்"னு வாய்விட்டுச் சொல்லணும். சிஎஸ்கே தோத்த அன்னிக்கு அவர் ரிமோட்ட எப்படி வைக்குறார்னும் கொஞ்சம் பாருங்க.

கேள்வி: பத்தாவது படிக்குற பொண்ணு. என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல"தான். பயமா இருக்கு.
- ஒரு அப்பா, ஓசூர்

பதில்: எதிர்ல உக்கார வச்சு கேக்காதீங்க சார், போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். வண்டியில டியூஷனுக்கு விடப்போறப்போ உங்க ஆபீஸ் கதைய சொல்லுங்க, நீங்க சொதப்புன கதையா இருந்தா இன்னும் நல்லது. பதில் அன்னிக்கே வராது, நாலஞ்சு நாள் ஆகலாம். ஆனா ரெண்டு வாரமா சரியா தூங்கல, சாப்பிடல, ஃப்ரெண்ட்ஸ்கிட்டயும் பேசலன்னா காத்திருக்காம டாக்டர பாருங்க. செத்துடலாம் போல இருக்குன்னு ஒரு தடவ சொன்னாலும் வெளையாட்டுன்னு விடாதீங்க, அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. 14416னு டெலி மானஸ்ங்குற மனநல உதவி போன் நம்பர் இருக்கு, மத்திய அரசு 2022ல ஆரம்பிச்சது, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. மொதல்ல நீங்களே கூப்பிட்டு பேசிப்பாருங்க.