தில்லி மே மாத வெயிலில் மொட்டை மாடியில் பருந்து விழுந்து கிடந்தால், வாயில் தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றக்கூடாது. துவண்ட உயிரைக் கண்டதும் வாயில் தண்ணீர் விடுவது நம் கை தானாகவே செய்யும் காரியம்தான். ஆனால் பறவையின் மூச்சுத்துவாரம் நாக்கின் பின்புறத்திலேயே திறந்திருப்பதால், வலிந்து ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் போய் அதைக் கொன்றுவிடக்கூடும்.

ஆர்.கே.புரம் போன்ற குடியிருப்புகளில் வட்டமிடுபவை பெரும்பாலும் கரும்பருந்துகள். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லாததால், அலகைத் திறந்து மூச்சிரைத்தே அவை உடற்சூட்டைத் தணிக்கின்றன. 45 பாகை செல்சியஸைத் தொடும் அனல் காற்றில் அப்படி மூச்சிரைக்க மூச்சிரைக்க உடலின் நீர் வற்றி, பறக்க வலுவின்றி விழுகின்றன. இந்தப் பருவத்தில் விழுபவற்றுள் பறக்கப் பழகும் இளம் பருந்துகளும் உண்டு என்பதால், காயம் இருக்கிறதா என்று முதலில் தள்ளி நின்று பாருங்கள்.

பிறகு தடித்த துண்டால் தலையோடு மூடி, கால்நகங்களுக்கு எச்சரிக்கையாக இருந்து (அலகைவிட அவையே ஆபத்து), துளையிட்ட அட்டைப்பெட்டியில் நிழலான இடத்தில் வையுங்கள். இருட்டு அதன் பதற்றத்தைக் குறைக்கும். சோறு, பால், ரொட்டி எதுவும் வேண்டாம். தில்லியின் வசீராபாத்தில் நதீம் ஷெஹ்சாத், முகம்மது சவுத் சகோதரர்கள் நடத்தும் 'வைல்ட்லைஃப் ரெஸ்க்யூ' என்ற மீட்பு மையம் பருந்துகளைக் காப்பதற்கென்றே பெயர் பெற்றது. அங்கே ஒப்படைப்பது நல்லது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 இருப்பதால், வீட்டில் வைத்து வளர்க்கும் எண்ணம் வேண்டாம்.