ஏலத்தில் போன மாப்பிள்ளையும் சிரிக்காத தரகரும்

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. உள்ளூர்த் தமிழ்த் தொலைக்காட்சி ஒன்றில் ஞாயிறு இரவுகளில் புதிதாகத் தொடங்கியிருக்கும் நகைச்சுவை நிகழ்ச்சியில் நடிக்கிறான். அரை மணித்தியாலத்துக்குள் ஐந்தாறு குட்டி நாடகங்கள். ஆறு பிள்ளைகள் சேர்ந்து எழுதி அவர்களே நடிக்கிறார்கள். ஐந்து வாரம் போய்விட்டது, ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. கனடாவிலிருக்கும் என் அக்கா போன் எடுத்துச் சிரித்தே களைத்துப்போகிறார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற அதிபரோ, "இதற்காகவா ரீச்சர் பிள்ளையைப் படிப்பித்தீர்கள்?" என்று கேட்கிறார். மூன்றாவது வாரம், மாப்பிள்ளையைக் கோயில் மாம்பழம்போல ஏலம் விடுவதாக ஒரு நாடகம் போட்டார்கள். அதில் தரகராக வந்தவன் என் மகன். எங்கள் மகளுக்கு இப்போதுதான் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தரகர், "என்னைத்தான் போட்டுக் காட்டியிருக்கிறான்" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டாரும் பார்த்தார்களாம். இரண்டு வாரமாக அங்கிருந்து ஒரு கதையும் இல்லை. மகளுக்கும் வயது போகிறது. என் கணவர் எதுவும் சொல்வதில்லை. மகனுடைய பகுதி முடிந்ததும் "விசர் வேலை" என்று எழுந்து கேற்றைப் பூட்டப் போய்விடுவார். மகளைப் பார்க்கத்தான் பாவமாக இருக்கிறது. மகனை விலகச் சொல்லட்டுமா? உண்மையில் அந்த நிகழ்ச்சி நல்லதா, கூடாததா?

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில்

பதில்: அன்புள்ள ரீச்சர்,

கடிதம் கிடைத்த அன்றிரவே ஐந்து வாரத்தையும் ஒரே இருப்பில் பார்த்து முடித்தேன். மொத்தம் 28 நாடகங்கள். எட்டுக்கு வாய்விட்டுச் சிரித்தேன். ஒன்றுக்குக் கோபம் வந்தது. மற்றவை விடிய எழும்பும்போது ஞாபகத்தில் இல்லை. விடைத்தாள் திருத்திப் பழகிய கை உங்களுடையது. 28க்கு எட்டு என்றால் சித்தியில்லை என்பீர்கள். இந்த வகை நிகழ்ச்சிக்கு அது நல்ல புள்ளி. தொடர் நாடகத்தில் மாமியார் யார், மருமகள் யார் என்று முதற்கிழமையே பிடிபட்டுவிடும். பிறகு அவர்கள் இருமினாலும் இருந்து பார்ப்போம். இங்கே மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை புது வீடு, புது ஆட்கள், புதுச் சண்டை. ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு தொடங்கவேண்டும்.

தொடங்குவதையாவது செய்துவிடலாம், முடிப்பதுதான் பெரும்பாடு. உங்கள் பிள்ளைகளின் நாடகங்களில் பாதிக்கு முடிவே இல்லை. யாராவது ஒருவர் மயங்கி விழுகிறார், உடனே இசை வந்துவிடுகிறது. (எண்ணினேன்: பதினொரு பேர் விழுந்திருக்கிறார்கள்.) பிபிசியில் 1969இல் தொடங்கிய மொன்டி பைத்தன் என்ற நகைச்சுவைக் குழுவினர் இதே தொல்லைக்கு ஒரு வழி கண்டார்கள். கடைசி வசனத்துக்காகக் காத்திராமல், நாடகத்தைப் பாதியிலேயே அறுத்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். மயங்கி விழுவதற்கு அது எவ்வளவோ மேல் என்று நான் சொன்னதாக மகனிடம் சொல்லுங்கள்.

பின்னணியில் ஓடுகிற அந்தச் சிரிப்பொலியையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். 1950களில் அமெரிக்காவில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியியலாளர் பதிவுசெய்த சிரிப்புகளை ஒரு பெட்டிக்குள் அடக்கி, விசையை அழுத்தினால் வேண்டிய சிரிப்பு வருகிறமாதிரி ஒரு கருவி செய்தார். அது அந்த நாட்டுச் சனத்துக்குச் சரி. எங்கள் சனம் அப்படி எடுத்த எடுப்பில் சிரிப்பதில்லை. முதலில் மூக்கால் ஒரு காற்று. பிறகு பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை. அவர் சிரித்தால்தான் நாங்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஊர் இரண்டுபட்டதில் பாதி இந்த ஓரக்கண்ணால் வந்தது. உங்கள் அதிபர் தனியே ஒரு அறைக்குள் இருந்து பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

ஆனால் அவருடைய மனக்குறையில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தியச் சினிமாவில் எங்கள் பேச்சைப் பேசுகிறவர் ஒன்றில் அகதியாக வருவார், இல்லாவிட்டால் கோமாளியாக வருவார். அதைப் பார்த்துப் பார்த்து நொந்தவர், எங்கள் பிள்ளைகளும் அதே பேச்சை வைத்துச் சிரிப்புக் காட்டினால் முகம் சுளிக்கத்தான் செய்வார். உங்கள் அக்காவுக்கு அதே பேச்சுத்தான் மருந்து. பனிக்குள் இருந்துகொண்டு, "கேற்றைப் பூட்டிவிட்டு வா" என்று தொலைக்காட்சிக்குள் ஒருவர் சொல்லக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வருகிறதோ, அழுகை வருகிறதோ, யார் கண்டது?

"இதற்காகவா படிப்பித்தீர்கள்" என்ற கேள்விக்கு மட்டும் நீங்கள் தலைகுனியத் தேவையில்லை. இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்று வந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே நாடகங்கள் எழுதிப் பல்கலைக்கழக மாணவர்களை மேடையேற்றியவர். சிவஞானசுந்தரம் என்ற பெயரைச் சுந்தர் என்று சுருக்கிக்கொண்ட ஒருவர், 'சிரித்திரன்' என்ற நகைச்சுவைப் பத்திரிகையை 1960களில் தொடங்கிப் பல வருடம் நடத்தினார். அவர் வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரம் சவாரித் தம்பரை அதிபருக்குத் தெரியாமல் இருக்காது. அந்தப் பத்திரிகையில் 'மகுடி' என்ற பெயரில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதியவரும் சுந்தர்தான். இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதெல்லாம் அந்த மகுடிக்கு முன்னால் சும்மா கீச்சுச் சத்தம்.

சரி, ஏலத்துக்கு வருவோம். நான் சிரித்த எட்டில் முதலாவது அதுதான். கோயில் வீதி. பூசை முடிந்த தட்டில் மாம்பழம் இருக்கவேண்டிய இடத்தில், வேட்டி சால்வையோடு மாப்பிள்ளை சப்பாணி கட்டி உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் மாலை. உங்கள் மகன் கமக்கட்டுக்குள் குடையும் கையில் சாதகக் கட்டு வைத்த ஷொப்பிங் பையுமாக நின்று கூவுகிறான்: "கனடாவில் நிரந்தர வதிவிடம், பல்லு முப்பத்திரண்டும் சொந்தம்!" ஒருவர் நாலு பரப்புக் காணி கேட்கிறார். இன்னொருவர் காணியோடு மாடிவீடு. மூன்றாமவர் டொனேசனை, அதாவது மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் காசை, விரலால் காட்டுகிறார், வாயால் சொல்லவில்லை. அந்த விரல்தான் என்னை விழுத்தியது. எங்கள் ஊரில் அந்தத் தொகையை யாரும் வாயால் சொல்வதில்லை என்று கவனித்த பிள்ளை நிச்சயம் கெட்டிக்காரப் பிள்ளை. "ஒருதரம், இரண்டுதரம்" என்று கேட்கும்போது மாப்பிள்ளை மெல்ல நிமிர்ந்து தகப்பனைப் பார்க்கிறார். தகப்பன் "இன்னும் கொஞ்சம் பொறு" என்று கையைக் காட்டுகிறார். அந்த நாடகத்தில் யாரும் மயங்கி விழவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒல்லாந்தர் 1707இல் எழுதுவித்த யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையிலேயே சீதனம் இருக்கிறது. முந்நூறு வருடமாக அழுத விடயத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரித்தால் குடி முழுகிவிடாது. அந்தக் குடையும் பையும் எந்தத் தரகரிடம்தான் இல்லை? உங்கள் தரகர் தன்னைத்தான் சொன்னதாக நினைக்கிறார் என்றால், தீவுப்பகுதியிலும் வடமராட்சியிலும் வலிகாமத்திலும் இருக்கிற தரகர்கள் எல்லோரும் அப்படியே நினைத்திருப்பார்கள். அவருக்காகக் கவலைப்படாதீர்கள். தரகுக் காசு இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது, வருவார்.

எழுபதுகளில் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். விடிய விடிய இசை நாடகம். நாங்கள் ஓலைப்பாயில் இருக்கிறோம். சங்கக்கடை மனேஜருக்கு மட்டும் முன்வரிசையில் கதிரை. சீனி கூப்பனுக்குக் கிடைத்த காலம். நடுச்சாமத்தில் பபூன் இரண்டு சிரட்டையைக் கயிற்றில் கட்டித் தராசாக்கிக்கொண்டு வந்தான். சீனி நிறுக்கிறான், நிறுக்கிறான், கால் பெருவிரல் மட்டும் மெதுவாக வந்து ஒரு சிரட்டையில் ஏறிக்கொள்கிறது. சனம் முழுக்க மனேஜரைத் திரும்பிப் பார்த்தது. மனேஜர் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். எழுந்துபோய்ப் பபூனின் சட்டையில் பத்து ரூபாயும் குத்திவிட்டார். அவருடைய மனைவி நித்திரையிலிருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தையும் பாராமல் எழுந்து வீட்டுக்குப் போனார். அடுத்த இரண்டு கிழமை எங்களுக்குச் சீனி சரியான நிறையில் கிடைத்தது. மூன்றாம் கிழமை விரல் திரும்பவும் தட்டில்.

பபூன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் தராசைத் தொடாத அந்த அம்மாவின் மேல்தான் அது போய் விழுந்தது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அவருடைய முதுகுதான் ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன். கடிதத்தில் உங்கள் மகள் மூன்று இடத்தில் வருகிறாள். சம்பந்தம் பேசுகிறீர்கள், வயது போகிறது, பார்க்கப் பாவம். ஒரு இடத்திலாவது அவள் வாய் திறக்கவில்லை. ஏல நாடகத்தைப் பார்த்து அவள் சிரித்தாளா? அழுதாளா? பேசுகிற சம்பந்தம் அவளுக்குப் பிடித்திருக்கிறதா? அதிபரின் வசனத்தை எழுத்துப் பிசகாமல் எழுதிய நீங்கள், மகளிடம் கேட்டதாக ஒரு சொல்லும் எழுதவில்லையே, ரீச்சர். முதலில் அவளிடம் கேளுங்கள். அவள் மனம் நொந்திருந்தால் உங்கள் மகன் மன்னிப்புக் கேட்கவேண்டியது அவளிடம். வீட்டில் சகோதரிக்குச் சம்பந்தம் பேசும்போது இப்படி ஒரு நாடகம் போகப்போகிறது என்று முன்கூட்டியே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாதது பிழைதான். அவள் சிரித்திருந்தால், உங்கள் கவலையில் முக்கால்வாசி அத்தோடு முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டாரின் மௌனத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. நீங்களாகப் போய் விளக்கம் சொல்லவேண்டாம். ஆடியில் பேச்சை நிறுத்திவைத்துவிட்டு ஆவணியில் வருகிறவர்களும் உண்டு. அந்த நாடகம் சுட்டதால்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் கேட்கவிருந்த தொகை என்ன என்பதை உங்களுக்குச் செலவில்லாமல் சொல்லிவிட்டார்கள்.

விலகச் சொல்லவும் வேண்டாம். 26 வயதுப் பிள்ளை நீங்கள் சொல்லி விலகப்போவதுமில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்த அந்த ஒன்றைப்பற்றி அவனிடம் கட்டாயம் கதையுங்கள். நாலாவது வாரம், புடைவைக்கடையில் வேலைக்கு வந்த மலையகப் பிள்ளை. அவள் ஒரு வசனம் சொல்கிறாள், முதலாளி அதை அவளுடைய உச்சரிப்பிலேயே திருப்பிச் சொல்கிறார், சிரிப்பொலி. இன்னொரு வசனம், திரும்பவும் அதே. நாலு நிமிடமும் இதுதான். முதலாளி உங்கள் மகன். எங்கள் பேச்சைத் தமிழ்நாட்டில் பகிடி பண்ணுகிறார்கள் என்று முறையிடுகிற நாங்கள், இதைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? இந்த நாடகத்தைப்பற்றி உங்கள் அதிபரும் ஒன்றும் சொல்லவில்லை, கோயிலடியிலும் யாரும் கோபிக்கவில்லைப்போல. ஏலத்துக்குக் கிளம்பிய ஊர் இதற்குக் கிளம்பவில்லை.

உச்சரிப்பை வைத்துச் சிரிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இலங்கை வானொலியில் 'கோமாளிகள் கும்மாளம்' என்ற நகைச்சுவை நாடகம் போன காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அப்புக்குட்டி ஒரு தமிழ், மரிக்கார் ஒரு தமிழ், உபாலி சிங்களம் கலந்த தமிழ், ஐயர் இன்னொரு தமிழ். நாலு பேரும் ஒருவரையொருவர் வாரினார்கள். ஒருவர் வாங்கினால் திருப்பிக் கொடுக்க அவருக்கும் வாய் இருந்தது. அந்தப் புடைவைக்கடைப் பிள்ளைக்கு உங்கள் மகன் திருப்பிக் கொடுக்க ஒரு வசனமாவது எழுதிக் கொடுத்தானா என்று கேளுங்கள். எழுதத் தெரியாதவன் என்று சொல்லமாட்டேன், அந்த விரலைக் கவனித்தவன் ஆயிற்றே.

நல்லதா, கூடாததா என்று கேட்டீர்கள். இன்னும் பத்து வாரம் விட்டுப் பார்க்கலாம் என்பதுதான் என் தீர்ப்பு. நான் பார்ப்பேன்.

கடைசியாக உங்கள் கணவர். அவருக்குப் பிடிக்கவில்லை என்று நீங்கள் எழுதவில்லை, ஒன்றும் சொல்வதில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். "விசர் வேலை" என்கிறவர் நிகழ்ச்சி தொடங்கும்போதே எழுந்து போகலாம். அவர் போவது மகனுடைய பகுதி முடிந்த பிறகு. அதுவரை கதிரையை விட்டு அசையவில்லை. முகத்தில் என்ன இருக்கிறதோ, அதை நீங்கள் பார்த்துவிடாமல் இருட்டுக்குள் கொண்டுபோக அவருக்கு ஒரு கேற்றுத் தேவைப்படுகிறது. வருகிற ஞாயிறு ஒன்று செய்யுங்கள்: நிகழ்ச்சி தொடங்குமுன் கேற்றை நீங்களே பூட்டிவிட்டுத் திறப்பைக் கொண்டுவந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வையுங்கள்.