மாடி ஒழுகல், வடகம், அடகு: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: மன்னார்குடியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவருக்குத் தனியார் வேலை. பிடித்தம் போக 32,000 ரூபாய் வருகிறது. நான் மாசி மாதத்திலிருந்து இட்லிப் பொடியும் தாளிப்பு வடகமும் செய்து, வாட்ஸ்அப்பில் சொல்லி விற்கிறேன். கடந்த மூன்று மாதமாக மாதம் 35 கிலோ பொடி (கிலோ 480 ரூபாய்), 12 கிலோ வடகம் (கிலோ 600 ரூபாய்) போகிறது. 24,000க்கு விற்றால் 14,000 கையில் நிற்கிறது. என் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைத்து 1,80,000 ரூபாய் வாங்கி, மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு, பொடி அரைக்கும் பல்வரைசர் வைக்கலாம் என்று ஆசை. ஆனால் எட்டு சதுர (800 சதுர அடி) மாடி ஒழுகுகிறது. பழைய தட்டோட்டைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பதிக்க கொத்தனார் 72,000 கேட்கிறார். என் கணவரோ யூடியூப் பார்த்துவிட்டு, "கோட்டிங் வாங்கி 20,000க்குள் நானே அடித்துவிடுகிறேன்" என்கிறார். சேமிப்பில் 45,000 இருக்கிறது. செய்முறை, சாமான் விலை, ஆகும் நேரம் எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். எதை முதலில் செய்வது?

பதில்: சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். மாடியை முதலில் பாருங்கள். அதைவிட முக்கியமாக, வடகத்தின் விலையை இந்த வாரமே ஏற்றுங்கள்.

தனித்தாள் அனுப்பியதற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் "நல்லா போகுது சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். உங்கள் தாளை வைத்துக்கொண்டு ஒரு கிலோ இட்லிப் பொடிக்குக் கணக்குப் போட்டேன். உளுந்து 450 கிராம் 63 ரூபாய், கடலைப்பருப்பு 300 கிராம் 30, மிளகாய் 150 கிராம் 33, எள் 100 கிராம் 20, பெருங்காயம் 12, உப்பு, கறிவேப்பிலை வகையறா 5. ஆக 163. இது சாமான் மட்டும்தான். மில்லில் அரைக்க 20, கேஸ் 12, ஐந்து 200 கிராம் பாக்கெட்டுக்குக் கவரும் லேபிளும் 30, கொண்டுபோய்க் கொடுக்க பெட்ரோல் 15 ஆகியவற்றையும் சேர்த்தால் 240. விற்பது 480. கிலோவுக்கு 240 நிற்கிறது. நல்ல சரக்குதான், குறை சொல்ல மாட்டேன்.

வடகம் வேறு கதை. ஒரு கிலோ வடகத்துக்கு ஐந்து கிலோ சின்ன வெங்காயம் 300 ரூபாய். உளுந்து 35, பூண்டு 40, கடுகு, சீரகம், வெந்தயம், விளக்கெண்ணெய் எல்லாம் சேர்த்து 25. கவரும் பெட்ரோலும் 30. மொத்தம் 430. விற்பது 600. நிற்பது 170.

இனி நேரத்துக்கு வருவோம். பொடிக்கு, நான்கு கிலோவை ஒரே தடவையாகச் செய்தால் ஐந்து மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். கிலோவுக்கு ஒன்றேகால் மணி. வடகத்துக்கு வெங்காயம் உரிக்கவும் நறுக்கவும் நான்கரை மணி. பிறகு ஏழு நாள் காலையில் உருட்டி வைத்து, சாயங்காலம் உதிர்த்துப் பிசைந்து, காக்கா வராமல் பார்த்துக்கொள்வது என்று தினமும் அரை மணி. கூட்டினால் கிலோவுக்கு எட்டு மணி நேரம். 170 ரூபாயை எட்டால் வகுத்தால் மணிக்கு 21 ரூபாய்! கண்ணெரிச்சலுக்கே அது காணாது.

மாதக் கணக்காகப் பார்த்தால் பொடியில் 8,400, வடகத்தில் 2,040. ஆக 10,440 ரூபாய். 14,000 என்று நீங்கள் சொல்வதற்கும் இதற்கும் 3,560 இடிக்கிறது. அதில் சுமார் 1,100 கேஸும் பெட்ரோலும். மீதி எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் இதே கதைதான்: தொழிலுக்கு வாங்கிய உளுந்து தீர்ந்தால் வீட்டு டப்பாவில் இரண்டு படி அள்ளிக்கொள்வது. அந்தச் செலவு உங்கள் கணவரின் சம்பளத்தில் மளிகைச் சாமானாக ஒளிந்திருக்கிறது.

நீங்கள் மாதம் உழைப்பது ஏறத்தாழ 140 மணி நேரம். மணிக்கு 75 ரூபாய், அதாவது எட்டு மணி நேர நாளுக்கு 600 என்று உங்களுக்குக் கூலி போட்டால் 10,500 ஆகிறது. நிற்பது 10,440. அதாவது இன்றைக்கு உங்களுக்குக் கூலி கிடைக்கிறது, லாபம் கிடைக்கவில்லை. கடனுக்கு வட்டி கூலியிலிருந்து போகக் கூடாது.

பல்வரைசரை எடுத்துக்கொள்வோம். அது மிச்சப்படுத்தப்போவது மில் கூலியை. மாதம் 35 கிலோவுக்கு 700 ரூபாய். 1,80,000க்கு ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்தாலும் வட்டி மட்டும் மாதம் 1,350. அசல் அப்படியே நிற்கும். மின்சாரம் தனி. இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால், மேலே ஓடிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை; கீழே உள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையில் ஒரு பகுதியும் சேர்ந்தே பறிபோகும். மில்காரரோடு சண்டை இல்லையென்றால் மாதம் 200 கிலோ போகும்வரை அங்கேயே அரையுங்கள்.

கொட்டகை யோசனையில் பணத்தைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஒழுகுகிற மாடியில் கம்பம் நட இன்னும் நாலு இடத்தில் துளை போடப்போகிறீர்கள். போதாததற்கு, வடகம் காயும் வெயிலை அந்தத் தகரமே மறைக்கும். உங்கள் தொழிலுக்கு முதல் இயந்திரமே அந்த வெயில் விழும் மாடிதான்.

விலைக்கு வருகிறேன். இட்லிப் பொடி தெருவுக்கு நான்கு கடையில் கிடைக்கிறது. அதில் கை வைக்காதீர்கள். ஆனால் சின்ன வெங்காயம் உரித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிய தஞ்சாவூர்ப் பக்கத்து வடகத்தை யார் வீட்டில் இப்போது போடுகிறார்கள்? சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்காகத்தானே வாங்கிப்போகிறார்கள்? 430 செலவோடு எட்டு மணி நேரக் கூலி 600 சேர்த்தாலே 1,030. கால் கிலோ 275 என்று வையுங்கள்; கிலோ 1,100 ஆகிறது. பழகியவர்களிடம் விலை சொல்ல வாய் வராது, தெரியும். நாலில் ஒருவர் விலகிப்போனால்கூட, 9 கிலோ விற்று 6,030 நிற்கும். இன்று 12 கிலோவில் நிற்பது 2,040. வேலையிலும் 24 மணி நேரம் குறைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகம் போட முடியாது என்பதால் ஆவணி, புரட்டாசி வெயிலில் கூடுதலாகப் போட்டு வையுங்கள். நன்றாகக் காய்ந்தது ஆண்டுக்கணக்கில் கெடாது.

இனி மாடி. உங்கள் கணவர் பக்கம் நான் பாதி நிற்கிறேன். முதலில் கீழே போய் உட்கூரையை அண்ணாந்து பாருங்கள். சிமென்ட் பெயர்ந்து, கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் கோட்டிங் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்; கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அது 72,000த்திலும் அடங்காது. ஈரக் கறை மட்டும் என்றால், மழைத்தண்ணீர் போகும் வாய்களைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். தரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையிலோ குழாய் இறங்கும் இடத்திலோ மட்டும் கசிந்தால் அது ஞாயிற்றுக்கிழமை வேலைதான். தட்டோடு பல இடத்தில் தூக்கிக்கொண்டு, தட்டினால் 'டொப் டொப்' என்று சத்தம் வந்தால் கொத்தனார் சொல்வதே சரி. பெயர்ந்த ஓட்டின் மேல் எதை அடித்தாலும் அதனோடு சேர்ந்து பெயரும்.

இதில் நானே சூடு பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு மாடிக்கு 9,000 ரூபாய்க்குக் கோட்டிங் வாங்கி, ஒரே நாளில் அடித்து முடித்து, கீழே வந்து காபி குடித்தேன். பாசியைச் சரியாகச் சுரண்டவில்லை. அடுத்த மழையில் அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. உரித்துத் தள்ள ஆளுக்குக் கொடுத்தது தனி. எட்டு சதுர மாடி என்கிறீர்கள். உங்கள் கணவருக்கு நான்கு ஞாயிறு ஆகும் என்று வையுங்கள். முதல் ஞாயிறு முழுக்கக் கம்பி பிரஷ்ஷும் தண்ணீரும்தான். அடுத்தது விரிசல் அடைக்கவும், மூலைகளில் சிமென்ட் கலவையைச் சரிவாக மொழுகவும். அதன் மேல் வலைத்துணி ஒட்டி, பிரைமர் அடிக்க ஒரு ஞாயிறு. கடைசி வாரம் இரண்டு கோட், ஒன்று நெடுக, அது காய்ந்த பிறகு மற்றது குறுக்க. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். புரட்டாசிக்குள் முடியாதென்றால் தை வரைக்கும் தள்ளிப்போடுங்கள். ஈரத் தளத்தில் அடிப்பது பணத்தை மழையில் கரைப்பது.

20,000த்தைச் சேமிப்பிலிருந்து எடுங்கள். 25,000 மிஞ்சும். அது குறைவுதான், ஆனால் வடக விலை ஏற்றத்தில் கூடுதலாக வரும் 3,990ஐத் தொடாமல் வைத்தால், ஐந்து வெயில் மாதத்தில் குழி நிரம்பிவிடும். அதற்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, பொடி, வடகம் விற்ற காசு வரும் கியூஆர் கோடை அதில் இணையுங்கள். உளுந்துக்கும் தனி டப்பா.

சட்டப் பக்கம் இரண்டு வார்த்தை. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து 14 இலக்க எண்ணை வாங்கி, பாக்கெட்டில் அச்சிடுங்கள். எடை, விலை, தயாரித்த மாதம், உங்கள் முகவரியும் இருக்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரில் விற்பனைக்குச் சமைப்பது விதிப்படி கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர் வாங்கினால் பொடிக்கான கேஸ் செலவு 12லிருந்து ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மாதம் 200 கிலோ நெருங்கும்போது இயந்திரத்துக்குக் கடன் பேசலாம். அப்போதும் நகை வேண்டாம். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் தருகிறார்கள். சிறு உணவுத் தொழிலுக்கு 35 சதவீத மானியம் தரும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று 2020இல் வந்தது. அன்றைய நிலையில் அது கிடைக்குமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். மானியம் வருகிறது என்பதற்காக மட்டும் இயந்திரம் வாங்கி, மூலையில் துணி போர்த்தி வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

ஒன்று விட்டுப்போனது: கோட்டிங் அடித்த தரையில் நேராக வடகத்தைப் பரப்பாதீர்கள். கயிற்றுக்கட்டில் இரண்டை மாடியேற்றி, வெள்ளை வேட்டி விரித்து அதன் மேல் காயவையுங்கள். கட்டில் காலுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்தால் அடித்த கோட்டிங்கும் கிழியாது.