புளிக்கவைத்த தாவர உணவுகள் குடலுக்கு உண்மையிலேயே நல்லவையா? சூடாக்கினால் பயன் போய்விடுமா?

கேள்வி கேட்டவர் மூன்று ஐயங்களை ஒன்றாக முன்வைத்திருக்கிறார். புளிக்கவைத்த காய்கறி, சோயா, தானியம் போன்றவை குடல் நலத்துக்கு உதவுகின்றனவா, அவற்றிலுள்ள நுண்ணுயிரிகள் சூட்டில் இறந்துவிட்டால் அந்தப் பயனும் போய்விடுமா, கடையில் விற்கும் புரோபயோட்டிக் மாத்திரைக்கு (உயிருள்ள நுண்ணுயிரிகள் அடங்கிய மாத்திரைக்கு) இவை ஈடாகுமா என்பவை அவை. உதவுகின்றன, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் வழியில் உதவுவதாக எனக்குத் தோன்றவில்லை. உயிருள்ள பாக்டீரியாக்கள் குடலில் போய்க் குடியேறுவதைவிட, நாம் உண்பதற்கு முன்பே ஜாடிக்குள் அவை செய்து முடித்துவிட்ட வேலைதான் பெரிது என்பது என் கருத்து. நான் மருத்துவன் அல்லன். உணவு நுண்ணுயிரியலைப் பாடமாகப் படித்தவன், காய்கறிகளை வீட்டில் புளிக்கவைத்து உண்கிற பழக்கமும் உடையவன். அந்த அளவில் இதைப் படியுங்கள்.

ஜாடிக்குள் நடப்பதிலிருந்தே தொடங்குவது நல்லது. முட்டைக்கோஸை மெல்லியதாக அரிந்து, அதன் எடையில் 2 முதல் 2.5 விழுக்காடு உப்பைச் சேர்த்துப் பிசைந்தால், உப்பு காயின் செல்களிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. அந்த நீரிலேயே காயை அமுக்கி மூழ்கடித்து வைக்கும்போது காற்றில்லாத ஒரு சூழல் உருவாகிறது. அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிரிகளில் பெரும்பாலானவற்றால் அந்த உப்பையும் காற்றின்மையையும் சேர்த்துத் தாங்க முடிவதில்லை; இலையின் மேல் மிகச் சிறு எண்ணிக்கையில் ஏற்கெனவே ஒட்டியிருந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்களோ அங்கே தங்குதடையின்றிப் பெருகுகின்றன. முதலில் முந்துவது லுக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் இனம். அது காயின் சர்க்கரையை எடுத்துக்கொண்டு லாக்டிக் அமிலம், அசிட்டிக் அமிலம், கரியமில வாயு, மானிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹால் ஆகியவற்றைத் தருகிறது. அமிலம் ஏற ஏற, தான் உண்டாக்கிய அமிலத்தையே தாங்க முடியாமல் அது ஒடுங்கிவிட, லாக்டோபேசில்லஸ் பிளான்டேரம் எழுந்து மீதி வேலையை முடிக்கிறது. (2020இல் அந்தப் பெரிய குடும்பத்தைப் பல பேரினங்களாகப் பிரித்தபோது இதன் முதற்பெயர் லாக்டிபிளான்டிபேசில்லஸ் என்று மாறிவிட்டது, பழைய பெயரே இன்னும் பலர் வாயில் இருக்கிறது.) இறுதியில், அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். என்னும் அளவு 3.5 வரை இறங்கிவிடுகிறது. 4.6க்குக் கீழே, போட்டுலிசம் என்னும் கொடிய உணவு நஞ்சேற்றத்தின் நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா வளர முடியாது என்பதால், முறையாகப் புளித்த காய் பாதுகாப்பானதாகவும் ஆகிவிடுகிறது.

இந்த மாற்றங்களின்போது காய்க்கும் பருப்புக்கும் தானியத்துக்கும் என்ன நேர்கிறது என்பதைத்தான் குடல் நலம் பற்றிய பேச்சில் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பருப்பு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகள் உள்ளன. அவற்றை உடைக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லாததால் அவை அப்படியே பெருங்குடலைச் சென்றடைந்து வாயுவை உண்டாக்குகின்றன. ஊறலும் நொதித்தலும் அவற்றைக் குறைத்துவிடுகின்றன. இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்து உடலுக்குச் சேரவிடாமல் தடுக்கும் பைட்டிக் அமிலமும் புளிப்பில் பெருமளவு சிதைகிறது. அமிலச் சூழலில் தானியத்தின் சொந்த நொதியான பைட்டேஸ் விழித்துக்கொள்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். நீண்ட நேரம் புளிக்கவைத்த கோதுமை மாவில் ஃபிரக்டான் என்னும் சர்க்கரைத் தொடர் குறைவதால், வழக்கமான ரொட்டி ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அந்த மாவில் சுட்ட ரொட்டி ஒத்துக்கொள்கிறது. அந்த ரொட்டி அடுப்பிலிருந்து வெளிவரும்போது அதைப் புளிக்கவைத்த பாக்டீரியாக்கள் ஏறத்தாழ முழுவதும் சூட்டில் இறந்துவிட்டிருக்கும் என்பதைக் கவனியுங்கள். ரைசோபஸ் பூஞ்சையால் சோயாவைக் கட்டியாக்கும் டெம்பேயையும் சமைத்தே உண்கிறார்கள். சூடாக்கினால் பயன் போய்விடுமா என்ற ஐயத்துக்கு இவை போதிய விடை என்று நினைக்கிறேன்.

உயிருள்ள பாக்டீரியாக்களே எல்லாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இலியா மெட்ச்னிகாஃபிடமிருந்து. நோய் எதிர்ப்பு பற்றிய ஆய்வுக்காக 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இவர், முதுமைக்குக் காரணம் பெருங்குடலில் நடக்கும் அழுகலே என்றும், அமிலம் விளைவிக்கும் பாக்டீரியாக்களை உண்டால் அவை அழுகவைக்கும் பாக்டீரியாக்களை அடக்கிவிடும் என்றும் நம்பினார். அவர் பேசியது புளித்த பாலைப் பற்றி. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், உணவு வணிகம் அதே கருத்தைப் புதிய புட்டியில் விற்றுக்கொண்டிருக்கிறது.

எண்களை வைத்துப் பார்த்தால் அந்தக் கருத்து எவ்வளவு மெலிந்தது என்பது தெரியும். ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் உள்ளன. நன்கு புளித்த, சூடாக்கப்படாத காயில் ஒரு கிராமுக்கு 1 கோடி முதல் 100 கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். மிகுதியான கணக்கையே எடுத்துக்கொண்டாலும், 50 கிராம் காயில் வருபவை 5,000 கோடி. அதாவது உள்ளே ஏற்கெனவே இருப்பவற்றில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. அவற்றிலும் ஒரு பகுதி இரைப்பை அமிலத்திலும் பித்தநீரிலும் மடிந்துவிடும். தப்பிப் பிழைப்பவையும் பெரும்பாலும் சில நாள்களில் கழிவோடு வெளியேறிவிடுகின்றன. நிரந்தரமாகக் குடியேறுவது அரிது. காயின் மேல் வாழப் பழகிய உயிரினத்துக்கு நம் பெருங்குடல் சொந்த ஊர் அன்று. இதனால் அவை கடந்து செல்லும்போது எதுவுமே செய்வதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. குடல் சுவரிலுள்ள நோய் எதிர்ப்புச் செல்கள் அவ்வழியே போகிறவற்றையும் உணர்ந்து எதிர்வினை காட்டுகின்றன. ஆனால் விதைத்தால் முளைக்கும் என்பது போன்ற எதிர்பார்ப்புக்கு இடமில்லை.

இந்த இடத்தில் நார்வேயில் நடந்த ஒரு சிறிய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. எரிச்சல் குடல் நோய்க்குறி (வயிற்று வலி, உப்புசம், மலப்போக்கு மாறுதல் ஆகியவை அடிக்கடி வரும் நிலை) உள்ள 34 பேரை இரண்டு குழுக்களாக்கி, ஆறு வாரங்களுக்கு நாள்தோறும் 75 கிராம் புளித்த முட்டைக்கோஸைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு உயிருள்ள பாக்டீரியாக்களுடன் கூடியது. மற்றதற்குச் சூடாக்கி அவற்றைக் கொன்றுவிட்டது. 2018இல் வெளிவந்த முடிவின்படி, இரு குழுக்களிலும் நோய் அறிகுறிகள் குறைந்தன; குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முட்டைக்கோஸே உண்ணாத ஒரு குழு ஒப்பீட்டுக்கு இல்லாததால், உண்பவரின் எதிர்பார்ப்பால் வந்த நலம் எவ்வளவு என்பதை இதிலிருந்து பிரித்தறிய முடியாது; எண்ணிக்கையும் சிறியது. எனினும், பயன் என்று ஒன்று இருந்தால் அதற்கு உயிருள்ள பாக்டீரியா கட்டாயமில்லை என்ற பக்கமே தராசு சாய்கிறது.

அப்படியானால் வேறு எது வேலை செய்கிறது? நார்ச்சத்து என்பது முதல் விடை. புளித்த பின்னும் காயின் நார்ச்சத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. பெருங்குடலில் நிலையாக வாழும் பாக்டீரியாக்கள் அதை உண்டு அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் என்னும் குறுந்தொடர்க் கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்குப் பியூட்டிரேட்டே முதன்மை எரிபொருள். இரண்டாவது விடை, ஜாடியிலேயே பாக்டீரியாக்கள் உண்டாக்கி விட்டுச்செல்லும் சேர்மங்கள். டி-பினைல்லாக்டிக் அமிலம் அத்தகைய ஒன்று. புளித்த முட்டைக்கோஸை உண்டவர்களின் இரத்தத்தில் அது சேர்வதையும், நோய் எதிர்ப்புச் செல்களின் மேலுள்ள எச்சிஏ3 என்னும் ஏற்பியை (வெளியிலிருந்து வரும் சேர்மத்தை உணரும் புரதத்தை) அது தூண்டுவதையும் ஜெர்மனியின் லைப்ஸிக் ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். இந்த ஏற்பி மனிதரிடமும் மனிதக் குரங்குகளிடமும் மட்டுமே காணப்படுகிறது. நம் முன்னோர் உதிர்ந்து புளித்த பழங்களை உண்ணத் தொடங்கியதோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். ஊகமாகவே இருந்தாலும் சுவையான ஊகம்.

இந்தப் பொருளில் பெரிதும் பேசப்படும் ஆய்வு 2021இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தது. நலமான 36 பேரை இரண்டாகப் பிரித்து, பத்து வாரங்களுக்கு ஒரு குழுவினர் நார்ச்சத்தையும் மற்றவர் புளித்த உணவுகளையும் மிகுதியாக உண்ணச் செய்தார்கள். புளித்த உணவுக் குழுவில் குடல் நுண்ணுயிரிகளின் வகைமை கூடியது. இன்டர்லூக்கின்-6 உள்ளிட்ட 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துக் குழுவில் வகைமை அந்தக் காலத்துக்குள் அப்படிக் கூடவில்லை. உடனே, நார்ச்சத்தால் பயனில்லை, புளித்த உணவே போதும் என்று செய்திகள் பரவின. அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மேலும், அதில் பங்கேற்றோர் உண்டவற்றில் கிம்ச்சி (கொரியப் புளித்த காய்), காய்கறி உப்புநீர், கொம்புச்சா (புளிக்கவைத்த தேநீர்) ஆகியவற்றோடு தயிரும் கெஃபிர் என்னும் புளித்த பாலும் இருந்தன என்பதால், முழுப் பெருமையையும் தாவர உணவுகளுக்கே எழுதிவைக்க முடியாது. அவர்கள் உண்ட அளவும் நாளுக்கு ஆறு பரிமாறல்கள் என்னும் அளவில் இருந்தது. யாரும் இயல்பாக அவ்வளவு உண்பதில்லை. புதிதாகத் தோன்றிய நுண்ணுயிரிகளில் சிறு பகுதியே உண்ட உணவிலிருந்து வந்தவை என்ற செய்தியைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எஞ்சியவை ஏற்கெனவே உள்ளே மறைந்து கிடந்தவையாகவோ சுற்றுப்புறத்திலிருந்து வந்தவையாகவோ இருக்க வேண்டும்; புளித்த உணவு அவற்றுக்கு ஏற்ற சூழலை அமைத்திருக்கிறது.

மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போதிய அளவில் உட்கொள்ளும்போது நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயோட்டிக் என்பது 2001இல் ஐ.நா.வின் உணவு, நலவாழ்வு அமைப்புகள் கூட்டிய நிபுணர் குழு வகுத்தது. அந்த வரையறைப்படி, இன்ன திரிபு (நுண்ணுயிரியின் உள்வகை), இவ்வளவு எண்ணிக்கை, இன்ன பயன் என்று மூன்றும் காட்டப்பட வேண்டும். வீட்டு ஜாடியில் இவை ஒன்றும் தெரியாது. ஆன்டிபயாட்டிக் மருந்தால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைக்கச் சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்னும் ஈஸ்ட் போன்றவற்றுக்குச் சான்று உண்டு. அந்தத் தேவைக்கு மருத்துவர் மாத்திரை எழுதினால், ஜாடியைக் காட்டி மறுக்க வேண்டாம். மறுதலையாக, மாத்திரைக்குள் நார்ச்சத்தும் காயின் பிற சேர்மங்களும் இல்லை.

கடையில் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வினிகரில் ஊறவைத்த காய் புளித்த காய் அன்று. அமிலத்தை வெளியிலிருந்து ஊற்றியிருக்கிறார்கள், பாக்டீரியா எதையும் செய்யவில்லை. ஆகவே நான் மேலே சொன்ன மாற்றங்களில் பெரும்பாலானவை அதற்குப் பொருந்தா.

இனி, இந்த உணவுகளைப் போற்றுவோர் அதிகம் பேசாத பக்கம். காயிலுள்ள உப்பு 2 விழுக்காடு என்றால், 100 கிராமில் 2 கிராம் உப்பு போகிறது. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தம் உடையவர்கள் ஜாடியின் நீரையும் சேர்த்துக் குடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உப்பிட்டுப் பாதுகாத்த உணவுகளை நாள்தோறும் மிகுதியாக உண்ணும் மக்களிடம் இரைப்பைப் புற்று கூடுதலாகக் காணப்படுவதும், ஆசிய மரபு முறையில் ஊறவைத்த காய்கறிகளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோயை உண்டாக்கக்கூடியவையாக இருக்கலாம் என்னும் 2பி பிரிவில் வைத்திருப்பதும் இதோடு சேர்த்து எண்ண வேண்டியவை. புளிப்பின் முதல் சில நாள்களில் காயின் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி உயர்ந்து, அமிலம் ஏறிய பின்பே தணிகிறது. அரைகுறையாகப் புளித்ததை அவசரப்பட்டு உண்ணாமலிருக்க அது ஒரு காரணம்.

தனி மனிதரைப் பொறுத்த தடைகளும் உண்டு. புளித்த உணவுகளில், புரதக்கூறுகள் சிதைவதால் உண்டாகும் ஹிஸ்டமின், டைரமின் என்னும் சேர்மங்கள் சேர்கின்றன. சிலருக்கு இவை ஒற்றைத் தலைவலியையோ தோல் தடிப்பையோ கிளப்பும். மோனோஅமைன் ஆக்சிடேஸைத் தடுக்கும் பழைய வகை மனச்சோர்வு மருந்துகளை உட்கொள்வோருக்கு டைரமின் இரத்த அழுத்தத்தை அபாயகரமாக ஏற்றிவிடலாம். பேசில்லஸ் சப்டிலிஸால் புளிக்கும் நாட்டோ என்னும் சோயா உணவில், இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே2 மிக அதிகம் என்பதால், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் அதைத் தொடக்கூடாது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்திலோ கீமோதெரபியிலோ இருப்பவர்கள் சூடாக்கப்படாத எதையும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம். அவர்களுக்குச் சமைத்த புளித்த உணவு இருக்கவே இருக்கிறது. எரிச்சல் குடல் உடையவர்களில் சிலருக்கு, நான் முன்பு சொன்ன மானிட்டால் வயிற்றை உப்பவைக்கும். நார்வே ஆய்வில் பலருக்குத் தணிவு தந்த அதே முட்டைக்கோஸ் தமக்குத் தொல்லை தருகிறது என்று யாரேனும் சொன்னால், அதை நம்பவே வேண்டும்.

நலமாக இருப்பவர் தொடங்க விரும்பினால், ஒரு தேக்கரண்டியிலிருந்து தொடங்கி, வயிறு பழகப் பழக இரண்டு மூன்று மேசைக்கரண்டி வரை உயர்த்தி, பருப்பு, முழுத்தானியம், கீரை ஆகியவற்றோடு சேர்த்து உண்ணுமாறு சொல்வேன். நாள்தோறும் சிறிதளவு என்பது, என்றோ ஒரு நாள் நிறைய என்பதைவிடப் பொருத்தமானது. உள்ளே போகிறவை தங்குவதில்லை என்பதே அதற்குக் காரணம். உயிருள்ளவையும் வேண்டும் என்று விரும்புவோர் சூடான உணவின்மேல் போடாமல், தட்டின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் செய்யும்போது நீரின்மேல் வெண்மையான மெல்லிய ஏடு படர்ந்தால், அது பெரும்பாலும் தீங்கற்ற ஈஸ்ட், எடுத்துப் போட்டுவிடலாம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்திலோ பஞ்சு போலவோ பூஞ்சை தெரிந்தால், மேலாக வழித்து எடுக்காமல் ஜாடியில் உள்ளதை முழுவதுமாகக் கொட்டிவிடுங்கள்.