எபிக் ஃபேண்டஸில விதியும் லக்கும்: கோல்லம் கால் தவறினது வெறும் தற்செயலா?

டோல்கீனோட 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில, கெட்ட சக்தி உள்ள ஒரு மோதிரத்த எரிமலையில போட்டு அழிக்க ஹீரோ ஃப்ரோடோ கிளம்பிப் போறான். ஆனா மோதிரத்த அழிச்சது ஃப்ரோடோ இல்ல, முன்ன அத வச்சிருந்து அதுக்காகவே அலையிற கோல்லம் கால் தவறி விழுந்ததால தான் அழிஞ்சது, அப்போ இந்த மாதிரி கதைகள்ல ஹீரோ படுற பாட்டுக்கு என்ன மதிப்பு, எல்லாம் விதியும் லக்கும் தானேன்னு கேட்டிருக்கீங்க.

இதே கேள்வி எனக்கும் பதினாறு வயசுல வந்திச்சு. ஓஎல் பரீட்சை எழுதிட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் தேயிலத் தோட்டத்துல சும்மா இருந்த மாசங்கள்ல, இலங்கை மலையகத்துல இருக்குற அட்டன் டவுன்ல எங்களுக்கு டியூஷன் குடுத்த சேர் ஒருத்தர் அட்டை கிழிஞ்ச 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' புக்க குடுத்தாரு, நானும் டிக்ஷனரிய பக்கத்துல வச்சிக்கிட்டு, வெளிய மழை கொட்ட கொட்ட, லயத்து காம்பராவுல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில, ஒரு மூலையில உக்காந்து படிச்சு முடிச்சேன். அவ்வளவு தூரம் நடந்து எரிமலை வாய்க்கிட்ட போயி நின்னப்புறம் ஃப்ரோடோ மோதிரத்த போட மாட்டேன், இது என்னோடதுன்னு சொல்லி விரல்ல மாட்டிக்கிறான். கோல்லம் வந்து விரலோட சேத்து கடிச்சு பறிக்கிறான், சந்தோஷத்துல ஆடுறான், கால் தவறி நெருப்புல விழுறான். எனக்கு வந்த கோவத்துல புக்க மூடி சாக்கு கட்டில்ல எறிஞ்சிட்டேன்.

ரெண்டாவது தடவை படிக்கும்போது தான் வேற ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. கோல்லம் அந்த இடத்துக்கு எப்படி வந்தான்? முதல்ல ஃப்ரோடோவோட சொந்தக்காரன் பில்போ, இருட்டு குகையில கையில வாளோட நிக்கிறான், ஒரே வெட்டுல முடிச்சிருக்கலாம், பாவமா இருக்குன்னு அவன தாண்டி குதிச்சு ஓடிர்றான். அப்புறம் காட்டுல அவன சிறை வச்சிருந்த எல்ஃப்கள், எந்நேரமும் அடைச்சு வைக்க மனசு வராம தனியா நின்ன ஒரு மரத்துல ஏறி காத்து வாங்க விட்டாங்க, அப்படி ஒரு நாள் மரத்துல இருக்கும்போது தான் தப்பிச்சிட்டான். அடுத்து ஃப்ரோடோ, அவனும் கொல்லாம விட்டான். கடைசியா எரிமலை சரிவுல, ஃப்ரோடோ கூடவே வந்த சாம், கோல்லத்த ஆரம்பத்துல இருந்தே புடிக்காத சாம், வாள ஓங்கிட்டு வெட்ட முடியாம போ போன்னு விரட்டி விடுறான். இதுல யாராவது ஒருத்தர் நியாயமா கோவப்பட்டு வெட்டியிருந்தா மோதிரம் ஃப்ரோடோ விரல்லயே இருந்திருக்கும். கால் தவறினது ஒரு நொடி தான், ஆனா அந்த நொடிக்கு பின்னால இத்தன பேரு வெட்டாம விட்டது இருக்கு. என்னைய கேட்டா ஹீரோவோட மதிப்பு அங்க தான் இருக்கு, எரிமலை வாயில இல்ல.

அத எழுதுன டோல்கீன் முதல் உலகப் போர்ல, 1916ல பிரான்ஸ்ல நடந்த சொம் சண்டையில இருந்தவரு. அங்க பேன் கடிச்சு பரவுற ட்ரெஞ்ச் ஃபீவர் வந்து இங்கிலாந்துக்கு திருப்பி அனுப்பிட்டாங்க. 1918 ஆகும்போது நெருங்கின கூட்டாளிங்கள்ல ஒருத்தர தவிர மத்த எல்லாரும் செத்துட்டதா அவரே எழுதியிருக்காரு. ஒரு பேன் கடிச்சதால பொழச்ச மனுஷன் தற்செயல்ங்கிறத லேசா எழுதியிருப்பாருன்னு எனக்கு தோணல.

நம்ம சிலப்பதிகாரத்த எடுங்க, அது ஃபேண்டஸி இல்லன்னு சண்டைக்கு வராதீங்க, ஒரு பொண்ணு நெஞ்ச திருகி எறிஞ்சு ஊரையே எரிக்கிற கதை தானே. மதுரை அவ்வளவு பெரிய ஊரு, சிலம்பு விக்கப் போன கோவலன் கண்ணுல படுறது யாரு, ராணியோட சிலம்ப ஏற்கனவே திருடி வச்சிருந்த அதே பொற்கொல்லன். அவன் போட்டுக்குடுக்க ஓடுற நேரம் பாத்து ராணி ஊடல்ல தலைவலின்னு சாக்கு சொல்லிட்டு எழும்பிப் போயிட்டா, ராஜா அவள சமாதானம் பண்ண அவசரத்துல இருக்காரு. அந்த அவசரத்துல தான், சிலம்பு அவன் கையில இருந்தா கொன்னுட்டு கொண்டாங்கன்னு ஒரு வார்த்த. இளங்கோ அந்த இடத்துல 'வினைவிளை காலம்'னு எழுதுறாரு, அதாவது விதி. ஆனா அடுத்த வரியிலயே ராஜாவ 'தேரான் ஆகி'ன்னும் எழுதுறாரு, விசாரிக்காம. கண்ணகி சபைக்கு வந்து முதல் வார்த்தையா எத எடுக்குறான்னு பாருங்க, 'தேரா மன்னா'. விதியே, ஊழேன்னு அவ அங்க அழல, விசாரிக்காத ராஜாவேன்னு கூப்பிடுறா. இத நான் எத்தன தடவ படிச்சிருப்பேன்னு தெரியாது, இப்பவும் மேல் கூசுது.

பாரதத்துல சகுனி தாயம் உருட்டுறதும் இதே தான். சபையில இருந்த பெரியவங்க பலரும் தலைய குனிஞ்சிக்கிட்டு விதின்னு இருந்துட்டாங்க, பாஞ்சாலி தான் எழும்பி கேள்வி கேட்டா. ராபர்ட் ஜோர்டனோட 'வீல் ஆஃப் டைம்' ஃபேண்டஸி நாவல்கள்ல இத இன்னும் வெளிப்படையா வச்சிருக்காரு, சில ஆளுங்க பக்கத்துல இருந்தாலே சுத்தி நடக்குற தற்செயல் எல்லாம் வளைஞ்சு குடுக்கும், மேட்னு ஒருத்தனுக்கு டைஸ் உருட்டினா லக் அடிச்சுக்கிட்டே இருக்கும். எனக்கு அது அவ்வளவா புடிக்கல, விதிக்கு ஒரு பேரு வச்சு ரூல் போட்டுட்டா அதுல பயம் போயிருது.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, எங்க லயத்துல தலையெழுத்துங்கிற வார்த்த கேக்காத நாளே இல்ல. 1964 அக்டோபர்ல இலங்கையும் இந்தியாவும் எங்கள மாதிரி இந்திய வம்சாவளி ஆளுங்கள பிரிச்சு ஒரு ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்க இலங்கையில, மிச்சம் 1,50,000 பேர பிறகு பாப்போம்னு எழுதினாங்க. எங்க அப்பாயி இங்க நின்னாங்க, அவங்க தம்பி குடும்பத்துக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்திச்சு. ஒப்பாரி கோச்சின்னு சொல்லுவாங்களே, இந்தியாவுக்கு கப்பலேற ஆளுங்கள தலைமன்னாருக்கு கொண்டுபோன ரயில், அதுல ஏறிப் போனவரு தான், திரும்பி வரல. யாரு கேட்டாலும் அப்பாயி நெத்திய தொட்டு தலையெழுத்துன்னு மட்டும் தான் சொல்லுவாங்க.

மாசி மாசம் எங்க தோட்டத்துல காமன் கூத்து நடக்கும். மன்மதன் சிவன்கிட்ட போவான், எரிஞ்சு சாம்பலாவான், அது பொடிப்பயலுக்கு கூட தெரியும். இருந்தும் ரதி போகாதீங்க, போகாதீங்கன்னு வழிய மறிச்சு பாடுற இடம் வந்தா தப்பு மேள சத்தத்தயும் மீறி பொம்பளைங்க விசும்புறது கேக்கும். அப்பாயி முந்தானைய வாயில பொத்திக்கிட்டு நிப்பாங்க. ஒரு வருஷம் குளிர்ல அவங்க கம்பளிக்குள்ள நானும் ஒண்டிக்கிட்டு, "முடிவு தான் தெரியுமே, ஏன் அப்பாயி ஒவ்வொரு தடவையும் அழுறீங்க"ன்னு கேட்டேன். அன்னைக்கு அவங்க தலையெழுத்துன்னு சொல்லல.

"இவ மறிக்கவாச்சும் செய்றா சாமி. கோச்சி கிளம்புறப்ப நான் அவன் கைய புடிச்சு இழுக்கக்கூட இல்லியே"ன்னாங்க.