கப்பலில் கேட்ட 'பும்பாய்'

கேள்வி: என் மகனுக்குக் கப்பலில் வேலை. கூட நிற்கும் பிலிப்பைன்ஸ் பொடியன்கள் அவனை 'பும்பாய்' என்கிறார்களாம். அது ஏச்சா?
— ஒரு தாய், உப்புவெளி

பதில்: அம்மா, அது பம்பாய் நகரின் பெயர்தான். பிலிப்பைன்ஸில் இந்தியர் எவரையும் அப்படித்தான் சொல்வார்கள். இலங்கையரான உங்கள் மகனையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய், ஐந்து கொடுத்து ஆறு வாங்கும் வட்டிக்காரர்களோடு ஒட்டிக்கொண்டதால் சொல்லில் கசப்பு ஏறிவிட்டது. ஆக, சொல்பவன் முகத்தைப் பார்த்துத்தான் ஏச்சா இல்லையா என்று சொல்லலாம்.

அதே நாட்டில் வழங்கும் 'மோரோ' என்ற சொல் வேறு கதை. தெற்கே உள்ள மிண்டனாவோ தீவின் முஸ்லிம்களை ஸ்பானியர் இழிவாக அழைத்த பெயர் அது. 1970களில் அவர்களின் விடுதலை இயக்கமே அதைத் தன் பெயராக்கியது. 2019இல் பங்சமோரோ தன்னாட்சிப் பிரதேசமும் வந்தது. போர்த்துக்கேயர் நம் சோனகரை, அதாவது இலங்கை முஸ்லிம்களை, அழைத்த 'மௌரோ' என்ற பெயருக்கும் இதே வேர்.

சின்ன வயதில், டொக்யார்ட் வீதியில் ஒருவன் என் அப்பாவைக் 'கள்ளத்தோணி' என்றான்; இந்தியாவிலிருந்து களவாகத் தோணியில் வந்தவன் என்ற ஏச்சு அது. அப்பா ஒன்றும் பேசவில்லை. மீன்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். பையிலிருந்து தண்ணீர் சொட்டியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உங்கள் மகன் பேசாமல் இருக்க வேண்டாம். "என் பெயர் இது, இப்படிக் கூப்பிடு" என்று நாளைக்கே சொல்லட்டும்.