42 விசை ஸ்பிளிட் கீபோர்டில் ச, ஞ வரவில்லை

கும்பகோணம் அச்சக நண்பருக்கு: இரு பாதியாகப் பிரிந்த உங்கள் கீபோர்டில் ச, ஞ வராததற்குக் கோளாறு காரணமில்லை. தமிழ்99 விசை அமைப்பில் ‘ச’ இடது சதுர அடைப்புக்குறி விசையிலும் ‘ஞ’ அதற்கடுத்த வலது அடைப்புக்குறியிலும் வரும். 42 விசைக்குள் அந்த இரண்டுக்கும் வழக்கமாகத் தனி இடம் கிடையாது.

வியலைத் (Vial, எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்று மாற்றும் மென்பொருள்) திறந்து, ‘ண’வுக்கு வலப்பக்கம் உள்ள பேக்ஸ்பேஸை வலது கட்டைவிரல் விசை ஒன்றுக்கு மாற்றுங்கள். காலியான இடத்தில் இடது அடைப்புக்குறியை வையுங்கள். ‘ச’ இல்லாமல் தஞ்சாவூர் என்றே அடிக்க முடியாது, அதற்குத் தனி விசை கட்டாயம். ‘ஞ’வுக்கு ண, ச இரண்டையும் சேர்த்து அழுத்தும் காம்போ போதும், இரண்டும் விழ வேண்டிய நேர இடைவெளி 50 மில்லி நொடி.

ட, ண மேல் மட்டும் காம்போ வைக்காதீர்கள். ‘ண்ட’வுக்கு ண, ட என்று வேகமாகத் தட்டுவோம் (புள்ளி தானே விழும்), அங்கே ஞ வந்து குதிக்கும்.

இரு பாதிகளையும் இணைக்கும் ஒயரை யூஎஸ்பி செருகியிருக்கும்போது பிடுங்க வேண்டாம், ஷார்ட் ஆகலாம்.